ஜெட்டி ஃபெண்டர் உங்கள் பொறுப்பில் வந்துவிட்டதா? முதலில் போல்ட்டைப் பாருங்கள்

கிழக்குக் கரையின் தென்பகுதியில் சரக்கு இறக்கும் தளம் (ஜெட்டி) ஒன்றின் பராமரிப்பை என்னிடம் ஒப்படைத்தபோது கிரேனுக்கு ஒரு கோப்பு, கன்வேயருக்கு ஒரு கோப்பு, மோட்டார்களுக்கு ஒரு கோப்பு என்று அலமாரி நிறையக் கொடுத்தார்கள். கப்பல் அணையும்போது இடியை வாங்கிக்கொள்ளத் தளத்தின் விளிம்பில் பொருத்தியிருக்கும் ஃபெண்டருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "அது ரப்பர்தானே சார், அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார் ஒப்படைத்தவர். நானும் அதை நம்பினேன்.

எட்டாவது மாதம் ஒரு கப்பலின் கேப்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். புதிதாக வர்ணம் பூசிய கப்பல். அதன் விலாவில் பத்தடி நீளத்துக்கு மூன்று கோடுகள், வர்ணம் வழித்தெடுக்கப்பட்டு இரும்பு பளபளத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஃபெண்டரின் போல்ட் தலைகள் கீறியவை. போய் அளந்து பார்த்தேன். போல்ட் தலை வெளியே நீண்டிருந்தது ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். ரப்பருக்கோ ஒரு குறையும் இல்லை. இன்னும் பத்து வருடம் உழைக்கும்போல இருந்தது.

ரப்பருக்கு முன்னால் ஓர் இரும்புப் பலகை, அதன் முகத்தில் போல்ட்டால் பிடித்த பிளாஸ்டிக் தகடான பேட், பலகையைப் பிடிக்கும் சங்கிலி, இவை சேர்ந்ததுதான் எங்கள் ஃபெண்டர். இதில் ரப்பர் கடைசியில்தான் சாகும். அதற்கு முன்னால் போல்ட் சாகும், பேட் சாகும், சங்கிலி சாகும். இந்த வரிசை தெரியாமல் நான் செலவழித்த பணத்தை நீங்களும் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பெரிய சரக்குக் கப்பலும் பார்ஜும் (தட்டையான அடியுள்ள சரக்குப் படகு) மாறி மாறி வரும் தளத்தை மனத்தில் வைத்து எழுதியது. விசைப்படகில் பழைய டயர் கட்டுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. இருப்பதை எழுதுங்கள்

தளத்தின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃபெண்டருக்கும் எண் கொடுங்கள். எண்ணை ரப்பரில் எழுதாதீர்கள். மேலே கான்கிரீட் விளிம்பில் பெரிதாக எழுதுங்கள். படகில் போய் ஒவ்வொன்றையும் முன்பக்கம், இரண்டு விலா, அடிப்பக்கம் என நான்கு படம் எடுங்கள். எங்கள் பதினான்கு ஃபெண்டருக்கு ஒரு பகல் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு வழக்கிலும் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பகல் வேலைதான்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பொருத்து வரைபடம், எவ்வளவு அமுங்கினால் எவ்வளவு ஆற்றலை வாங்கும் என்று காட்டும் வளைகோட்டுப் படம், ரப்பர் சோதனைச் சான்றிதழ், சங்கிலிக்கும் அதை மாட்டும் ஊசி போட்ட இரும்பு வளையமான ஷாக்கிளுக்கும் தரச்சான்று, கான்கிரீட்டில் பதித்த நங்கூர போல்ட்டின் அளவு. பழைய தளமென்றால் இவற்றில் பாதி கிடைக்காது. மனம் தளர வேண்டாம். ஃபெண்டரின் உடலிலேயே தயாரித்தவர் பெயர், மாதிரி, வரிசை எண், ஆண்டு ஆகியவை பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பாசியைத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து அதன்மேல் தேயுங்கள். மேடான எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வரும். அந்த எண்ணை வைத்துத் தயாரித்தவரிடம் கேட்டால் வரைபடம் கொடுத்துவிடுவார்கள். பின்னால் உதிரிப்பாகம் வாங்க அவர்களிடம்தான் வருவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2. தேய்ப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

கப்பல் வந்து அணையும் ஒரு நிமிடத்தில்தான் ஃபெண்டர் அடிவாங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடைவது அப்போதுதான், உண்மை. ஆனால் தேய்வது அப்போது அல்ல.

முதலில் உடைவதைச் சொல்லிவிடுகிறேன். சரக்கோடு சேர்த்து 40,000 டன் எடையுள்ள கப்பல் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாக அணைந்தால் அதன் இயக்க ஆற்றல் 200 கிலோஜூல். அதே கப்பல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் வந்தால் 400 அல்ல, 800. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீர், அணையும் கோணம் முதலியவற்றை வடிவமைப்பாளர்கள் இதன்மேல் பெருக்குவார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் இழுவைப்படகு ஒன்று போதும் என்று யாராவது சிக்கனம் பேசினால் இந்த 200ஐயும் 800ஐயும் எழுதிக் காட்டுங்கள். நான் அதை அட்டையில் அச்சடித்து அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இனி தேய்மானம். கட்டிய கப்பல் நிலக்கரி இறக்க இறக்க மேலே எழும். ஏற்றவற்றம் அதை ஏற்றி இறக்கும். கயிறு தளர்ந்திருந்தால் முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் இந்தத் தேய்ப்பு. அதிலும் கள்ளக்கடல் நாட்களில் காற்றே இருக்காது, கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் எங்கோ தெற்கே கிளம்பிய நீண்ட அலை கப்பலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்த்து, கயிறுகளை இறுக்கிவைக்கும்படி கப்பலுக்கு எழுத்தில் சொல்லுங்கள். எங்கள் தளத்தில் பேட்டின் ஆயுளைக் கூட்டியதில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் இல்லை. காசே செலவில்லை.

மூன்றாவது எதிரி பார்ஜ். பெரிய கப்பலுக்காக உயரத்தில் வைத்த பலகையின் கீழ் விளிம்புக்கடியில் பார்ஜின் விளிம்புக் கட்டை வற்று நேரத்தில் நுழைந்துகொள்ளும். ஏற்றம் வந்ததும் பலகையை நெம்பும். பலகையின் கீழ் விளிம்பு உள்நோக்கிச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்ஜுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

3. சுற்றிப் பார்க்கும் அட்டவணை

ஒவ்வொரு கப்பலும் கிளம்பியதும் மேலிருந்து ஒரு நடை, கால்மணி நேரம். பலகை கோணலாகத் தொங்குகிறதா, சங்கிலி எதுவும் குறைகிறதா, பேட் விழுந்திருக்கிறதா. அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை வற்று நேரத்தில் படகு. மேலிருந்து பார்த்தால் தெரியாத எல்லாம் அங்கே தெரியும். நான் முதல்முறை போன காலையில், ஏழாம் எண் பலகைக்குப் பின்னால் யாரோ ஒரு மரக்கட்டையைச் சொருகி வைத்திருந்தார்கள். பலகை சரிந்து தொங்கியதாம், முட்டுக்கொடுத்தார்களாம். கூம்பு வடிவ ஃபெண்டர் முழு அடி வாங்கும்போது தன் உயரத்தில் சுமார் 70 விழுக்காடு அமுங்கும். ஒரு மீட்டர் உயரமென்றால் மிஞ்சுவது ஒரு முழத்துக்கும் குறைவு. நடுவில் கட்டை இருந்தால் அமுங்க இடமேது? அடி நேராகக் கான்கிரீட்டுக்குப் போகும், இல்லையென்றால் கப்பலின் தகட்டுக்கு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுகள்: பேட்டின் மீதக் கனம், சங்கிலி வளையத்தின் கனம், நங்கூர நட்டுகளின் இறுக்கம். அளந்ததை எண் போட்டு எழுதுங்கள். "நன்று", "பரவாயில்லை" என்றெல்லாம் எழுதிய பதிவேட்டால் யாருக்கும் பயன் இல்லை.

4. பேட்

இரும்புப் பலகையின் முகத்தில் அடித்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகடுதான் பேட். யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் என்பார்கள். கப்பல் வழுக்கிக்கொண்டு போவதற்காக வைத்தது. உராய்வு அதிகமானால் சங்கிலி இழுபடும். இது தேய்வதற்கென்றே இருக்கிறது, தேய்ந்ததற்காக வருத்தப்படக் கூடாது. எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் வருத்தப்பட வேண்டும்.

போல்ட் தலை பேட்டுக்குள் குழியில் பதிந்திருக்கும். குழியின் ஆழம்தான் உங்கள் சேமிப்பு. எங்கள் பேட் 40 மி.மீ. கனம், புதிதாக இருக்கும்போது போல்ட் தலை முகத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே. மீதம் 5 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுகிறோம். ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று போதும். குழியில் அடைந்திருக்கும் கொட்டலசைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு பொய்யாகும்.

பொறிகள் மூன்று. முதலாவது, எல்லாப் பேட்டும் ஒரே அளவில் தேயாது. எங்களுக்கு நடுவில் உள்ள நான்கு ஃபெண்டர்தான் உழைக்கின்றன. ஓரத்தில் உள்ளவை ஓய்வூதியம் வாங்குகின்றன. துளை அமைப்பு ஒன்றாக இருந்தால் ஓரப் பேட்டை நடுவுக்கு மாற்றலாம். இரண்டாவது, இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நன்றாகவே நீளும். வெளியூர்ப் பட்டறையில் துளையை இறுக்கமாகப் போட்டுக் கொடுத்த பேட்டுகள் எங்களுக்கு ஒரே கோடையில் வளைந்து எழும்பின. மூன்றாவது, போல்ட். ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்டுப் போல்ட்டில் வேகமாக முடுக்கினால் பாதி வழியில் கடித்துக்கொள்ளும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது, அறுக்கத்தான் வேண்டும். மரையில் அதற்கென்று விற்கும் பசையைத் தடவி, கையால் முடுக்குங்கள்.

விழுந்த பேட்டைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். எங்களுடையது ஒன்று மறுநாள் மீனவர் ஒருவர் படகில் வந்து சேர்ந்தது. அவர் அதை மீன் வெட்டும் பலகையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தேய்ந்த பேட்டாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

5. சங்கிலியும் ஷாக்கிளும்

பலகையின் எடையைத் தாங்க ஒரு சங்கிலி, பலகை பக்கவாட்டில் போகாமல் பிடிக்க ஒன்று, கப்பல் ஒரு முனையில் மட்டும் அழுத்தும்போது மறுமுனை பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க ஒன்று. மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. வரைபடத்தைப் பாருங்கள்.

தண்ணீர் தெறிக்கும் பட்டையில்தான் இரும்பு வேகமாக அரிக்கும். எப்போதும் மூழ்கிக் கிடப்பதுகூட அவ்வளவு வேகமாக அரிக்காது. நம் தென்கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஆண்டு முழுதும் அதே பத்துப் பன்னிரண்டு வளையங்கள்தான் நனைந்து காய்ந்துகொண்டிருக்கும். அவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல வளையம் கணீரென்னும். கெட்ட வளையம் பொத்தென்று சொல்லிவிட்டுத் துருவைப் பொரி பொரியாக உதிர்க்கும். தட்டிய பிறகு மிஞ்சிய இரும்பை அளந்து எழுதுங்கள். வளையத்தின் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததும் மாற்றுவது எங்கள் வழக்கம். அதிகம் தேய்வது வளையமும் வளையமும் தொடும் உட்புறம். வெளிப்பக்கத்தை அளந்து ஏமாறாதீர்கள்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. சங்கிலி அறுந்தது என்றதும் "இன்னும் தடிமனாகப் போடு" என்று சொல்லத் தோன்றும். போடாதீர்கள். பல அமைப்புகளில் சங்கிலியும் ஷாக்கிளும்தான் வேண்டுமென்றே வைத்த பலவீனப் புள்ளி. சங்கிலி அறுந்தால் அடுத்த கப்பல் வருவதற்குள் மாற்றிவிடலாம். சங்கிலி அறுந்துபோக மறுத்து, நங்கூரம் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் தளத்தை மூட வேண்டும்.

ஷாக்கிள் ஊசிக்குப் பூட்டுப்பின் போட மறக்கக் கூடாது.

6. ரப்பருக்குச் செய்யக் கூடாதவை

டீசல் போட்டுத் துடைக்கக் கூடாது. பளபளப்பாகத் தெரியும், ஆனால் இந்த வகை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். நன்னீரும் சோப்பும் போதும். வர்ணம் பூசக் கூடாது. பக்கத்தில் கேஸ் கட்டிங், வெல்டிங் செய்தால் நனைத்த கோணியால் மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மேற்பரப்பில் மயிரிழை போல் வெடிப்பு இருந்தால் பயம் வேண்டாம். வெயிலும் ஓசோனும் செய்கிற வேலை அது. அமுங்கும்போது மடியும் இடத்திலோ, போல்ட் இருக்கும் அடிவளையத்திலோ வெடிப்பு ஆழமாக இறங்கினால், அல்லது உள்ளே இருக்கும் இரும்புத் தகடு தெரிந்தால், அந்த ஃபெண்டரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று வருகிறவர்கள் கீறலை மூடுவார்கள், பலத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

இன்னொன்று: தயாரித்தவரின் அட்டவணையில் போட்டிருக்கும் ஆற்றல் அளவு 23 டிகிரி வெப்பத்தில் சோதித்தது. சித்திரை வெயிலில் கறுப்பு ரப்பர் இளகியிருக்கும். அப்போது அது வாங்கும் ஆற்றல் குறையும். புதிதாக வாங்கும்போது நம் ஊர் வெப்பத்துக்கான திருத்தத்தோடு கணக்குக் கேளுங்கள்.

7. காற்றடைத்த மிதவை ஃபெண்டர் வைத்திருந்தால்

கப்பலோடு கப்பலை அணைத்துச் சரக்கு மாற்றும் இடங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதற்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 17357. அதில் இரண்டு தொடக்க அழுத்தங்கள் உண்டு: 50 கிலோபாஸ்கல், 80 கிலோபாஸ்கல். 50 என்பது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் கையால் தட்டிப் பார்த்துவிட்டுக் காற்று போதவில்லை என்று ஏற்றிவிடுகிறார்கள். கருவியால் அளந்து பாருங்கள், எப்போதும் விடியற்காலையில் அளந்து பாருங்கள். மத்தியான வெயிலில் அழுத்தம் கூடித் தெரியும். மேலே போர்த்தியிருக்கும் டயர் வலைதான் அடிவாங்கும் தோல். வலையில் ஒரு டயர் போனாலும் அந்த இடத்தில் சங்கிலி உடலை அறுக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் கரையேற்ற வேண்டியது இதைத்தான்.

8. கப்பல் இடித்துவிட்டால்: கயிறு அவிழும் முன் கையெழுத்து

இதில்தான் நான் அதிகம் இழந்தேன். இடித்த கப்பல் மறுநாள் விடியற்காலை போய்விட்டது. நான் காலை பத்து மணிக்கு அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மூன்று மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு வந்த பதில், "சேதம் முன்பே இருந்திருக்கலாம்" என்பது.

செய்ய வேண்டிய வரிசை இது. இடித்த உடனே நேரம், காற்று, இழுவைப்படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெண்டர் எண் தெரியும்படி படம் எடுங்கள். கப்பலின் கேப்டனுக்கு, அவரைப் பொறுப்பாக்கும் கடிதத்தை அன்றைக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "பெற்றுக்கொண்டேன், பொறுப்பை ஏற்கவில்லை" என்று எழுதித்தான் கொடுப்பார். அதுவே போதும், சண்டை போடாதீர்கள். நகல்கள் கப்பல் ஏஜெண்டுக்கும் துறைமுக அதிகாரிக்கும் போகட்டும். கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் பி அண்ட் ஐ காப்பீட்டு அமைப்பு, தளத்துக்கு ஏற்படும் சேதத்தையும் பொதுவாக ஏற்கும். அதன் உள்ளூர்ப் பிரதிநிதியைக் கூட்டுச் சோதனைக்கு அழைக்கும்படி ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய சேதமென்றால், கப்பல் கிளம்பும் முன் அந்த அமைப்பிடமிருந்து உத்தரவாதக் கடிதம் வாங்கித் தரும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றோடும் போன மாதம் எடுத்த படத்தையும் அளவையும் இணைக்க வேண்டும். முதல் படியில் சொன்ன ஒரு பகல் வேலை இங்கேதான் சம்பளம் கொடுக்கும். கடிதத்தின் வார்ப்பைக் காலி இடங்களோடு முன்கூட்டியே அச்சடித்து மேசையில் வைத்திருங்கள். இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் நல்ல வாசகம் வராது.

9. வாங்குவது: காசும் காலமும்

ரூபாய்த் தொகை எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். கணக்கின் வடிவத்தைச் சொல்கிறேன். அதிகச் செலவு, தளம் வேலையில்லாமல் நிற்கும் நேரம். அடுத்தது கிரேன், படகு, முக்குளிப்பவர் கூலி. பொருளின் விலை அதற்குப் பிறகுதான். நாங்கள் ஒரே ஒரு பேட் மாற்றிய நாளில் படகு வாடகை பேட்டின் விலையைத் தாண்டியது. ஆகவே ஒன்றை மாற்றப் போனால் நான்கை மாற்றுங்கள். சங்கிலி, ஷாக்கிள், போல்ட், பேட் ஆகியவற்றில் இரண்டு ஃபெண்டருக்கான தொகுதி எப்போதும் கிடங்கில் இருக்கட்டும்.

காலம்: எங்கள் கரையில் ஆனி, ஆடியில் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். படகை நிறுத்தி நிதானமாக வேலை பார்க்க மாசியும் பங்குனியும்தான். சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும், நல்ல வெல்டர் ஒருவரும் கிடைக்க மாட்டார். அச்சில் வார்க்கும் ரப்பர் ஆர்டர் கொடுத்துக் கைக்கு வர இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஆர்டர் அக்டோபரில் கிளம்ப வேண்டும். விலைப்புள்ளி கேட்பது ஆகஸ்டில். அனுமதிச் சீட்டுகளையும் மறக்காதீர்கள்: நெருப்பு வேலைக்கு, தண்ணீர்மேல் வேலைக்கு, முக்குளிப்புக்கு என்று ஒவ்வொன்றும் தனி.

விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் அளவை மட்டும் எழுதினால் மலிவான ரப்பர்தான் வரும். நீர்வழிப் போக்குவரத்துக் கட்டமைப்புக்கான உலக அமைப்பான பியாங்கின் வழிகாட்டிப்படி சோதனை வேண்டும் என்று எழுதுங்கள். 2002இல் வந்தது நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2024இல் புதியது வந்துவிட்டது. எதன்படி என்று ஆண்டையும் குறிப்பிடுங்கள். முழு அளவு ஃபெண்டரை அமுக்கிச் சோதிக்கும்போது உங்கள் தரப்பில் ஒருவர் நிற்க உரிமை வேண்டும். கையில் எடுத்த சோதனைத் துண்டு அளவுக்கு மீறிக் கனத்தால் சந்தேகப்படுங்கள். சுண்ணாம்புத்தூள் கலந்து ஒப்பேற்றிய ரப்பர் கனக்கும். விலைப்பட்டியலில் வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண் 4016 94 என்று இருக்கிறதா என்று பாருங்கள். படகு, தள ஃபெண்டருக்கென்றே உள்ள தலைப்பு அது. பொதுவான ரப்பர்ப் பொருள் என்று போட்டுவிட்டால் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பும்.

வந்திறங்கிய உதிரியை எங்கே வைப்பது என்பதையும் லாரி வருவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். எங்கள் முதல் இரண்டு உதிரி ஃபெண்டரும் வெல்டிங் ஷெட்டுக்குள், நிழல்தானே என்று, ஒன்றரை வருடம் கிடந்தன. வெல்டிங்கிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் கிளம்பும் ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தபோது, கடலையே பார்க்காத ரப்பரில் பத்து வருட வெடிப்பு. இப்போது உதிரிகள் மூடிய கிடங்கின் வடக்குச் சுவரோரம், மரச்சட்டத்தின்மேல், அடிவளையம் கீழே இருக்கும்படி நிற்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றை அடுக்குவதில்லை.